நான்கு கியர் பின்னால், ஒரு கியர் முன்னால்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கமாகட்டும், அந்தப் பக்கமாகட்டும், நீலக்கை நானாவின் சம்மதம் இல்லாமல் எந்த வாகனமும் ஒரு வளைவில்கூடத் திரும்பியதில்லை. மகாவலி ஆறு வேண்டுமானால் தன்னிஷ்டத்துக்குத் திரும்பியிருக்கலாம். கார்கள் திரும்பவில்லை.

நானா என்றால் எங்கள் பக்கத்து முஸ்லிம்களிடையே அண்ணன். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. பழைய நாட்குறிப்புகளை எடுத்துத் தேடிப் பார்த்தேன். பதினோரு இடங்களில் அவர் வருகிறார். பதினோரு இடத்திலும் ‘நீ.நா.’ என்றே எழுதியிருக்கிறேன். முழங்கை வரை நீலமாக இருக்கும் ஒரு மனிதரிடம் போய், உங்கள் பெயர் என்ன என்று கேட்கத் தோன்றுவதில்லை.

சந்தைக்குப் பின்னால், ஒரு கருவாட்டுக் கடையின் முதுகோடு முதுகாக அவருடைய பட்டறை இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது. அவர் செய்தது ஒரே வேலை. காரின் பின் அச்சுக்கு நடுவில் பூசணிக்காய் மாதிரி ஒன்று தொங்குமே, அந்தக் கூட்டுக்குள் இருக்கும் டிஃபரன்ஷலைக் கழற்றிப் பூட்டுவது. என்ஜினில் கோளாறு என்று யாராவது வந்தால் நிமிர்ந்தும் பார்க்க மாட்டார்.

“அது முன்னால ஈக்கிற சாமான். நான் முன்னால பாக்கிறல்ல.”

விளக்கு எரியவில்லை என்று வந்த ஒருவரிடம், “முன் லைட்டா, பின் லைட்டா?” என்று கேட்டாராம். பின் லைட் என்றதும் கொஞ்ச நேரம் யோசித்தாராம்.

எழுபதுகளின் நடுப்பகுதியில் நான் கண்டியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் வரும் கடிதங்களுக்கு இலக்கமிடும் எழுதுவினைஞனாக இருந்தேன். கட்டுகஸ்தோட்டையில் வாடகை வீடு. என் மனைவி சரசு ஆசிரியை வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு நான்கு வருடமாகத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் கடிதம் வந்தது. தெல்தெனியவில் ஒரு பாடசாலை. பதினாறு நாள் கழித்து வரும் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குள் அதிபர் முன் வேலையை ஏற்க வேண்டும். தவறினால் நியமனம் இரத்தாகிப் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போகும். சரசு அந்தக் கடைசி வரியை மட்டும் ஒரு நாளைக்கு நான்கு தரம் வாசித்தாள்.

தினமும் போய்வர வேண்டுமே என்று ஒரு பழைய சாம்பல் நிற ஆங்கிலக் காரை வாங்கினேன். கிளம்பும்போதெல்லாம் அதன் பின்பக்கத்தில் ‘டொக்’ என்று ஒரு சத்தம் வந்தது. ஏற்றத்தில் ஊளையிட்டது. இறக்கத்தில் வேறு ராகத்தில் ஊளையிட்டது. எல்லோரும் ஒரே விலாசத்தைச் சொன்னார்கள்.

நான் போனபோது நானா ஒரு தேயிலைப் பெட்டியின் மேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கோப்பையின் கைபிடி நீலம். அவருடைய வலது காதும் நீலம்.

“என்ன சத்தம், செல்லுங்க.”

“கிளம்பும்போது டொக்குன்னு ஒண்ணு. ஏத்தத்துல ஊளை மாதிரி, நானா.”

“காபன் பேப்பர் ஈக்கா?”

அலுவலகக் கோப்போடு போயிருந்ததால் என்னிடம் இருந்தது. ஒரு வெள்ளைத் தாளோடு சேர்த்து மடித்து என் வாயருகே நீட்டினார்.

“கடிங்க.”

கடித்தேன். ஏன் கடித்தேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அவர் தாளைப் பிரித்து வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

“ஒங்கட எடப்பக்கக் கடவாய் மட்டுந்தான் கடிக்கிது. நடுவுல ஒண்டுமில்ல. ஒங்கட காரும் இப்பிடித்தான் கடிக்கும்.”

“காரை இன்னும் பாக்கவே இல்லையே, நானா?”

“ஒங்களப் பாத்தேனே.”

இந்தக் கடிக்கும் பரிசோதனை அவரிடம் வந்த எல்லோருக்கும் நடந்தது. வங்கி அதிகாரி ஒருவர் காரைக் காட்ட வந்து, நேரே பல் வைத்தியரிடம் போய்க் கடவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, ஒரு வாரம் கழித்துத்தான் காரோடு திரும்பினார் என்று சொல்வார்கள். பல்லைப் பிடுங்கியதுமே காரில் பாதிச் சத்தம் போய்விட்டதாம்.

டிஃபரன்ஷல் எதற்கு என்று நான் கேட்டது என் பிழை. நானா எழுந்து கருவாட்டுக் கடைப் பக்கம் பார்த்து, “முதலாளி, ஆள் வந்தீக்கி” என்று குரல் கொடுத்தார். கடை முதலாளி, கனத்த உடம்புள்ள ஒரு சிங்களவர், யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து என் கையோடு தன் கையைக் கோத்துக்கொண்டார். தெரு விளக்குக் கம்பத்தைச் சுற்றி நாங்கள் இருவரும் நடக்க வேண்டும். நான் உள்பக்கம், அவர் வெளிப்பக்கம். நான் சாதாரணமாக நடந்தேன். முதலாளி மூச்சு வாங்க ஓடினார்.

“ரெண்டு பேரும் ஒரே வேகத்தில போனா என்ன நடக்கும்?” என்றார் நானா.

“விழுந்திடுவோம்.”

“அதுதான். வளவுல உள் சக்கரம் மெதுவாப் போகணும், வெளிச் சக்கரம் வெரசாப் போகணும், ரெண்டும் கைய விடப்படாது. அதுக்குத்தான் டிஃபரன்ஷல்.”

முதலாளி செருப்பை மாட்டிக்கொண்டு, “எனக்கு ஒரு நாளாவது உள்பக்கம் தாங்க நானா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இது எனக்கு நன்றாகப் புரிந்தது. நானாவிடம் எனக்குப் புரிந்த கடைசி விஷயமும் இதுதான்.

அவர் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். டிஃபரன்ஷலுக்குள் கிரவுண் என்று பெரிய பல்சக்கரம் ஒன்று, பினியன் என்று சின்னப் பல்சக்கரம் ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று சரியாகக் கடிக்க வேண்டும். வெள்ளைச் சட்டைக்குப் போடும் சலவை நீலத்தை எண்ணெயில் குழைத்துப் பெரிய சக்கரத்தின் பற்களில் பூசுவார். இரண்டையும் சேர்த்துச் சுற்றுவார். எங்கே நீலம் அழிந்திருக்கிறதோ அங்கே பல் பல்லைத் தொடுகிறது. பல்லின் நுனியில் தொட்டாலும் பிழை, அடியில் தொட்டாலும் பிழை. நடுவில், ஒரு புளியங்கொட்டை அளவுக்குத் தொட வேண்டும். அதற்காகச் சின்னச் சக்கரத்துக்குப் பின்னால் மெல்லிய தகடுகளைச் செருகி முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்துவார். வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம். மெல்லிய தகடு வேண்டுமென்றால் தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத்தாள். தடித்த தகடு வேண்டுமென்றால் டின்பால் டப்பா. கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டிச் செருகுவார். கண்டி மாவட்டத்தில் எத்தனை பேர் டின்பால் டப்பாவின் தயவில் மலை ஏறிக்கொண்டிருந்தார்கள் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

சின்னச் சக்கரம் எவ்வளவு இறுக்கமாகச் சுற்றுகிறது என்று பார்க்க, அதில் நூலைச் சுற்றி, கருவாட்டுக் கடையின் வில் தராசில் கொளுவி இழுப்பார். தராசு எத்தனை இறாத்தல் காட்டுகிறது என்பதுதான் கணக்கு. அந்த நேரத்தில் கருவாடு வாங்க வந்தவர்கள் காத்திருப்பார்கள். பட்டறையிலிருந்து வெளியே வந்த கார்களில் லேசாக நெத்தலி வாடை வந்ததற்கு இதுவே காரணம்.

அலுவலகம் முடிந்ததும் தினமும் போய்ப் பார்த்தேன். நாட்குறிப்பில் இருப்பதை அப்படியே தருகிறேன். செவ்வாய்: பல்லுக்குப் பல் இடைவெளி போதாது என்றார். புதன்: இடைவெளி கூடிவிட்டது என்றார். வியாழன்: இடைவெளி சரிதான், ஆனால் தனக்குப் பிடிக்கவில்லை என்றார்.

“இறுக்கமா இருக்கணுமா, லூசா இருக்கணுமா, நானா?” என்று ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

“இறுக்கமா ஈக்கணும். ஆனா இறுக்கமா ஈக்கிறது அதுக்குத் தெரியப்படாது.”

இதையும் எழுதிக்கொண்டேன். அடியில் ஒரு கேள்விக்குறி போட்டேன். பிறகு கேள்விக்குறிக்குப் பக்கத்தில் இன்னொரு கேள்விக்குறி.

நான் எழுதுவதை நானா மிகுந்த மரியாதையோடு பார்ப்பார். டிஃபரன்ஷலைக் கழற்றி இறக்கிய நாளில் நானும் காரின் பின்பக்கமாக ஊர்ந்துபோய், மல்லாந்து படுத்து, கைவிளக்கைப் பிடித்துக்கொண்டே பெரிய சக்கரம் எந்தப் பக்கம் இருந்தது என்று குறித்துக்கொண்டேன். ‘கிரவுண், இடது’ என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

“கிளாக்கர் எழுதினா அரசாங்கம் எழுதின மாதிரி” என்றார் அவர்.

என் காரின் பூசணிக்காய்க் கூட்டில் வெடிப்பு இருந்ததால், ஒரு பழைய வேனின் கூட்டைக் கொண்டுவந்து மாட்டினார். அந்தக் கூட்டில் எட்டு போல்ட் துளைகளும் சரி வட்டமாக, ஒரே இடைவெளியில் இருந்தன. டிஃபரன்ஷலை அதில் நேராகவும் பூட்டலாம், தலைகீழாகவும் பூட்டலாம். இதை நான் அப்போது அறிந்திருக்கவில்லை. நானா அறிந்திருந்தார். அதனால் டிஃபரன்ஷலின் மேல் பக்கத்தில் விரலால் ஒரு நீலப் பொட்டு வைத்திருந்தார்.

ஆனால் அந்தப் பட்டறையில் எதில்தான் நீலம் இல்லை? சுவரில் நீலம், குறட்டில் நீலம், நாட்காட்டியில் பாதி மாதம் நீலம். எது அடையாளம், எது அழுக்கு என்று எனக்கு எப்படித் தெரியும்?

திங்கட்கிழமைக்கு முதல் நாள், ஞாயிறு. எல்லாம் சரியாகி, பூட்டுவது மட்டும் பாக்கி. பன்னிரண்டே காலுக்கு நானா லுஹர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போனார். நான் தனியே இருந்தேன். சும்மா இருப்பது என் பழக்கம் அல்ல. போல்ட்டுகளைக் கழுவி உயரப்படி வரிசையாக வைத்தேன். எட்டும் ஒரே உயரம் என்பது பாதியில்தான் தெரிந்தது. பிறகு மண்ணெண்ணெயில் துணியை நனைத்து டிஃபரன்ஷலின் வெளிப்பக்கம் முழுவதையும் பளபளவென்று துடைத்தேன். அவர் வந்து பார்த்து மகிழ்ந்துபோவார் என்று நினைத்தேன்.

வந்தார். பார்த்தார். இரண்டு முறை அதைச் சுற்றி வந்தார்.

“மேல ஒரு பொட்டு ஈந்தே.”

“நிறையப் பொட்டு இருந்துச்சு, நானா. எல்லாத்தையும் துடைச்சிட்டேன்.”

அவர் தொப்பியைக் கழற்றி மறுபடியும் போட்டுக்கொண்டார்.

“பெரிய சக்கரம் எந்தப் பக்கம் ஈந்த, கிளாக்கர்?”

நான் நாட்குறிப்பைத் திறந்து, பக்கத்தைக் காட்டி, “இடது” என்றேன். அவர் அடிக்கோட்டைத் தொட்டுப் பார்த்தார். எழுத்தில் ஒரு நீல ரேகை பதிந்தது. அதன்படியே பூட்டினார். நான்கு மணிக்கு எண்ணெயும் ஊற்றியாயிற்று. ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். புதிதாக ஊற்றிய எண்ணெய் ஓர் இரவு பல்லுக்குள் ஊற வேண்டும் என்பது அவர் சட்டம். இதற்கு என்ன ஆதாரம் என்று வேறு எந்த மெக்கானிக்கிடமும் என்னால் அறிந்துகொள்ள முடியவில்லை.

திங்கள் காலை ஐந்து ஐம்பத்தைந்துக்குச் சரசுவும் நானும் பட்டறைக்குப் போனோம். அவள் கரும்பச்சைச் சேலை. கையில் உறை, உறைக்குள் கடிதம். தெல்தெனிய போகும் காலை பஸ் அப்போதுதான் எங்களைத் தாண்டிப் போனது. அடுத்தது ஒன்பதுக்கு மேல். “நம்மகிட்டதான் கார் இருக்கே” என்று நான் சொன்னது நினைவிருக்கிறது.

“வாங்க டீச்சர்” என்றார் நானா. வேலையை ஏற்கும் முன்னரே அவளை அப்படி அழைத்த முதல் ஆள் அவர்தான்.

நான் உட்கார்ந்து முதலாம் கியரைப் போட்டேன். கார் பின்னால் போனது.

தவறாகப் போட்டுவிட்டேன் என்று நிறுத்தி, கியர்த் தண்டைப் பார்த்து, மறுபடியும் முதலாம் கியரைப் போட்டேன். மறுபடியும் பின்னால் போனது. இரண்டாம் கியரைப் போட்டுப் பார்த்தேன். இன்னும் வேகமாகப் பின்னால் போய், கருவாட்டுக் கடையின் வெற்றுக் கூடைகள் மேல் ஏறி நின்றது. கடைசியாகப் பின் கியரைப் போட்டேன். கார் மெதுவாக, ஊளையில்லாமல், மிக அழகாக முன்னால் வந்தது.

நானா தேயிலைப் பெட்டியில் உட்கார்ந்தார்.

“தலகீழாப் பூட்டியாச்சு” என்றார். “நாலு கியர் பின்னால ஈக்கி. ஒரு கியர் முன்னால ஈக்கி.”

“மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?” என்றாள் சரசு.

“மூணு மணித்தியாலம், டீச்சர்.”

“ஹயர் கார் ஏதாவது?”

“கட்டுகஸ்தோட்டையில ரெண்டு ஈக்கி. ரெண்டும் இங்கதான் கழட்டிக் கெடக்கு.”

சரசு உறையைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். என்ன நடந்திருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. நாட்குறிப்பில் இடது என்றுதானே இருக்கிறது. அதற்குள் நானா எழுந்து வந்து அவள் முன் நின்றார்.

“என்ட பிழ, டீச்சர். நான்தான் மாத்திப் பூட்டினேன். வயசு போச்சு. கிளாக்கர், தண்ணி டின் ரெண்டு எடுங்க.”

கூடைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த முதலாளி அப்படியே நின்றுவிட்டார். பதினெட்டு வருடத்தில் நானா பூட்டிய ஒன்றுகூடப் பிழையாகித் திரும்பி வந்ததில்லை என்று சந்தையில் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தவர் அவர்தான்.

இரண்டு வழிகள் இருந்தன. நாலாம் கியரைப் போட்டுப் பின்பக்கமாகவே தெல்தெனியவுக்கு வேகமாகப் போகலாம். அல்லது பின் கியரில் முன்பக்கமாக ஊரலாம். நானா முதல் வழியையே சொன்னார், நேரம் மிச்சமாகுமாம்.

“நான் வேலைக்குச் சேரப் போறேன்” என்றாள் சரசு. “முதுகைக் காட்டிக்கிட்டுப் போக மாட்டேன்.”

ஆறு பதினெட்டுக்குப் பின் கியரில் புறப்பட்டோம். மணிக்குப் பத்து மைலுக்கு மேல் போகவில்லை. என்ஜின் அலறியது. நானா பின் ஆசனத்தில் குப்புறப் படுத்து, காதைத் தரையில் வைத்துக்கொண்டார். “சத்தம் மிச்சம் நல்லா ஈக்கி” என்று அடிக்கடி எங்களுக்கு ஆறுதல் சொன்னார். சைக்கிளில் போனவர்கள் எங்களை முந்திக்கொண்டு, திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

ஓர் ஒடுக்கமான மதகுப் பாலத்தில் எதிரே லொறி வந்தது. நான்தான் பின்வாங்க வேண்டும். பழக்கத்தில் பின் கியரிலேயே விட்டு மிதித்தேன். கார் லொறியின் மூக்கை நோக்கிப் பாய்ந்தது. ஓர் அடி இருக்கும்போது நிறுத்தினேன். லொறிக்காரர் இறங்கி வந்து, “மாத்தயா, என்னோட என்ன கோபம்?” என்று கேட்டார். அவர் கேட்ட விதம் நியாயமாகவே இருந்தது.

அதற்குப் பிறகு சரசு பொறுப்பை எடுத்துக்கொண்டாள். “முன்னாடி போகணும்னா பின் கியர். பின்னாடி போகணும்னா முதல் கியர். திருப்பிச் சொல்லுங்க.” சொன்னேன். “இன்னொரு தரம்.” சொன்னேன். வேலையை ஏற்காத ஆசிரியையிடம் படித்த முதல் மாணவன் நான்தான்.

ஏற்றத்தில் தண்ணீர் கொதித்து ஆவி கிளம்பியது. நிறுத்தி, ஆறவிட்டு, இரண்டு டின்னையும் ஊற்றினோம். ஏழு முப்பத்திரண்டு. சரசு இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டாள். காரும் அவளும் கொஞ்ச தூரம் ஒரே வேகத்தில் போனோம். நானா ஜன்னலில் தலையை நீட்டி, “ஏறுங்க டீச்சர், இந்த எடத்துக்கு அப்புறம் எறக்கம்” என்று கெஞ்சிய பிறகுதான் ஏறினாள்.

பாடசாலை வாசலில் நின்றபோது ஏழு ஐம்பத்து நான்கு. அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர், விறாந்தையில் நின்று எங்கள் அலறலைக் கேட்டுக்கொண்டிருந்தார். சரசு ஓடிப்போய் உறையை நீட்டினாள். நானா அவளைத் தாண்டிப் போய் அதிபரின் முன் இரண்டு நீலக் கைகளையும் கட்டிக்கொண்டு நின்றார்.

“சேர், நேரம் போயிட்டெண்டா அது டீச்சருட பிழ இல்ல. காரை மாத்திப் பூட்டினவன் நான்.”

அதிபர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னும் ஆறு நிமிசம் கிடக்கு. வாங்கோ பிள்ளை, வந்து கையெழுத்தை வையுங்கோ.” பிறகு நானாவைப் பார்த்து, “அது சரி, நீர் ஆர்?” என்றார்.

நானா யோசித்தார். “நான் பின்னால பாக்கிறவன்” என்றார்.

சரசு கையெழுத்திட்டாள். ஏழு ஐம்பத்தேழு என்று எழுதியிருக்கிறேன்.

பாடசாலை மைதானத்தின் ஓரத்தில், ஒரு பலாமரத்தின் கீழ் காரை நிறுத்தி, நானாவும் நானும் மறுபடியும் கழற்றினோம். நான் போன தடவை மாதிரியே பின்பக்கமாக ஊர்ந்துபோய் மல்லாந்து படுத்தேன். அப்போதுதான் புரிந்தது. என் தலை காரின் முன்பக்கம் இருந்தது, கால் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. என் இடது கை காரின் வலது பக்கத்தில் கிடந்தது. நான் எழுதியது என்னுடைய இடதை. காருடையதை அல்ல.

“நானா.”

“செல்லுங்க.”

“பிழை என்னோடது. இடதுன்னு நான் எழுதினது காருக்கு வலது. பொட்டைத் துடைச்சதும் நான்தான்.”

“தெரியும்.”

“எப்ப இருந்து?”

“காலையில கார் பின்னால போகக்குள்ளயே.”

“அப்ப ஏன் அவகிட்ட உங்க பிழைன்னு சொன்னீங்க?”

அவர் ஒரு போல்ட்டை முடுக்கிவிட்டுத்தான் பதில் சொன்னார்.

“நாலு வருஷம் காத்துக்கிட்டு ஈந்த புள்ள. இண்டைக்கு இந்த வேல போயிருந்தா, ஆயுசுக்கும் ஒங்கள செல்லிக் காட்டும். ஒங்களுக்கு அந்த வீட்டுக்குத்தானே திரும்பிப் போகணும். என்னய ஏசினா எனக்கென்ன. நான் பட்டறையில ஈக்கிறேன்.”

அந்தப் பழைய தெல்தெனிய இப்போது மகாவலியை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கத்தின் அடியில் இருக்கிறது. பாடசாலையும் சரசுவும் மேட்டுக்கு இடம் மாறினார்கள். இருபது வருடத்துக்கு மேலாகப் படிப்பித்துக்கொண்டிருக்கிறாள். வீட்டில் எது கழன்று விழுந்தாலும், “அந்த மனுஷன் பூட்டின மாதிரி” என்பாள். நான் குனிந்து அதை எடுத்து வைப்பேன். ஒன்றும் சொன்னதில்லை.

இது அச்சாகும் பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை காலையில் வரும். முதலில் வாசிப்பவள் அவள்தான். நானா மௌத்தாகி ஆறு வருடம் ஆகிறது. இருந்திருந்தால் அன்று காலை ஏழு மணிக்கே எங்கள் வாசலில் வந்து நின்று, இதை எழுதியதும் தான்தான் என்று சரசுவிடம் சொல்லியிருப்பார்.